வேலாயுதத்துக்குச் சொல்லாதது

ஒரு மனிதரின் இரத்தத்தில் நோய் இருக்கிறது என்று தெரிந்தும், "ஒன்றுமில்லை" என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பியவள் நான்.

தவறுதலாக நடந்ததல்ல. மறதியும் அல்ல. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தெளிவாக, புன்னகையோடு சொன்னேன்...

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மன்னிக்கும் உரிமை உங்களிடம் இல்லை. ஆனாலும் யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? கேளுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். தாதிப் பயிற்சி முடித்து, தொண்ணூறுகளில் மலைநாட்டு ஊவா மாகாணத்துக்கு நியமனம் பெற்று வந்தேன். பதுளைதான் ரயில் பாதையின் கடைசி நிலையம். அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. வரும் வழியில், அப்புத்தளையைத் தாண்டும்போது பனிமூட்டம் ஜன்னல் வழியே பெட்டிக்குள் வந்துவிட்டது. எதிரே இருந்தவர் பேசிக்கொண்டிருந்தார். குரல் கேட்டது, முகம் தெரியவில்லை. அந்த மூட்டத்திலிருந்து நான் இன்னும் இறங்கவே இல்லையோ என்று சில மத்தியானங்களில் தோன்றும்.

எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. குற்றம் கட்டடத்தினுடையது அல்ல. என்னுடையது.

இரத்த வங்கியில் எனக்கு வேலை. கொடுக்க வருகிறவர்களை இருத்தி, காய்ச்சல் வந்ததா, மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்போம். விரல் நுனியில் குத்தி ஒரு துளியை நீலத் திரவத்தில் விடுவோம். துளி மூழ்கினால் இரத்தம் போதும் என்று பொருள். எத்தனையோ துளிகள் அந்த நீலத்துக்குள் மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்... பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் போல ஒன்று கண்ணில் படியும்.

அதன் பிறகு எடுத்த இரத்தம் சோதனைக்குப் போகும். மலேரியா, மேகநோய், எயிட்ஸ், ஈரலைத் தாக்கும் பி கிருமி. இரண்டாயிரத்துக்குப் பிறகு புதிதாக இன்னொன்றும் எங்களிடம் வந்து சேர்ந்தது. ஈரலைத் தாக்கும் சி கிருமிக்கான சோதனை. அந்தக் கிருமி உடம்பில் இருந்தும் மனிதன் ஆண்டுக்கணக்கில் உண்டு உறங்கிச் சிரித்து வாழ்வான். ஈரல் மட்டும் உள்ளே சத்தமில்லாமல் இறுகிக்கொண்டே போகும்.

வேலாயுதத்தை எனக்கு முன்பே தெரியும். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இளம் வயதில், கொழுந்து ஏற்றிவந்த லொறி புரண்டு அடியில் அகப்பட்டவர். வேறொரு ஊர் மருத்துவமனையில் யாரோ கொடுத்த இரத்தத்தால் உயிர் பிழைத்தார். அன்று முதல், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தவர்போல, நாங்கள் அனுமதித்த போதெல்லாம் வந்து கொடுப்பார்.

தனியாகவும் வரமாட்டார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து இளைஞர்களை ஒரு வேனில் கூட்டி வருவார். ஊசிக்குப் பயந்தவனின் அருகில் நின்று, அவன் கவனம் மாறும்படி ஏதாவது கதை சொல்லுவார். ஒருமுறை கதையின் முடிவைக் கேட்க, இரத்தம் கொடுத்து முடிந்த பிறகும் அந்தப் பையன் கட்டிலை விட்டு எழாமல் கிடந்தான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

புதிய சோதனை வந்தபின் அவர் கொடுத்த முதல் இரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் இருந்தது. மறுபடியும் பார்த்தோம். இருந்தது.

அப்போது எங்களுக்கு ஒரு சிங்கள டொக்டர் பொறுப்பாக இருந்தார். இளைஞர், நல்ல மனிதர். அவருக்குத் தமிழ் வராது. வேலாயுதத்துக்குச் சிங்களம் கடைத்தெருவுக்குப் போதுமான அளவுதான் வரும். இடையில் நான். தோட்டத்து ஆட்கள் வரும்போதெல்லாம் டொக்டரின் வாயாகவும் அவர்களின் வாயாகவும் இருந்தவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தோட்டத்து அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, வேலாயுதத்தை வரச் சொன்னோம். காரணம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது.

அவர் வந்தார்... அந்தக் காலை வேளையை எப்படி உங்களுக்குக் காட்டுவேன்! வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை, நெற்றியில் திருநீறு. பின்னால் அவர் மனைவி ஜெயக்கொடி, கல்யாணக் கூறைச் சேலை உடுத்து, தலையில் பூ வைத்து. வயிற்றில் ஆறேழு மாதப் பிள்ளை. வாசலில் நுழையும்போதே இருவர் முகத்திலும் ஒரு வெளிச்சம்.

எனக்கு உடனே விளங்கவில்லை. ஜெயக்கொடிதான் வெட்கத்தோடு சொன்னாள். பெரிய டொக்டர் கூப்பிடுகிறார் என்று அலுவலகத்தில் சொன்னதும், இத்தனை காலம் இரத்தம் கொடுத்ததற்குப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று லயம் முழுக்கப் பேச்சாம். முந்தின வருஷம் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவருக்கு மேடையில் மாலை போட்டார்களாம். படம் எடுப்பார்களா என்று கேட்டாள்.

நான் டொக்டரைப் பார்த்தேன். அவருக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. அவர் அவர்களை அன்போடு உட்கார வைத்துவிட்டு, நான் சொல்வதற்கு வசதியாக, மெதுவாக, விட்டுவிட்டுப் பேசத் தொடங்கினார்.

இரத்தத்தில் கிருமியின் அடையாளம் இருக்கிறது. கொழும்பில் இன்னொரு சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். பழைய விபத்தில் ஏற்றிய இரத்தத்தின் வழியாக வந்திருக்கலாம். அந்தக் காலத்தில் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பயப்படத் தேவையில்லை, ஆனால் கவனிக்காமல் விடக் கூடாது. சாராயம் தொடக் கூடாது. சவர அலகைப் பிறருடன் பகிரக் கூடாது. மனைவியும் சோதித்துக்கொள்வது நல்லது. அடுத்த கிழமை கிளினிக்குக்கு வர வேண்டும்.

ஒவ்வொரு வாக்கியமும் என் காதுக்குள் வந்தது. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் தமிழ் இருந்தது. செங்கண்மாரி என்ற எங்கள் ஊர்ச் சொல்லும், மஞ்சக்காமாலை என்ற அவர்கள் சொல்லும் இரண்டுமே என் நாக்கின் அருகில் இருந்தன.

ஆனால் ஜன்னலுக்கு வெளியே மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. ஜெயக்கொடியின் பூவின் மணம் அந்த மருந்து வாடைக்குள் மிதந்தது. எல்லாம் எங்கோ தொலைவில், கண்ணாடிக்கு அப்பால் நடப்பதுபோல... என் குரலே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"டொக்டர் சொல்லுறார், நீங்கள் இவ்வளவு காலமும் குடுத்தது பெரிய உதவியாம். இனி உங்கட உடம்புக்கு ஓய்வு வேணும். இனிமேல் ரத்தம் குடுக்க வேண்டாம். குடிக்கவும் கூடாது."

வேலாயுதம் சற்று ஏமாந்தவர்போல் என்னைப் பார்த்தார்.

"அவ்வளவுதாங்களா மிஸ்ஸி?"

"அவ்வளவுதான்."

ஜெயக்கொடி மட்டும் கண்ணை எடுக்கவில்லை. டொக்டரின் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். "இவுக உடம்புக்கு ஒன்னும் இல்லையே மிஸ்ஸி?" என்று கேட்டாள்.

இதோ, இந்த இடம். முன்பு சொன்னதையெல்லாம்கூட வழவழவென்று பேசினேன் என்று தள்ளிவிடலாம். ஆனால் அவள் நேராகக் கேட்டாள். நான் நேராகப் பதில் சொன்னேன்.

"ஒண்டுமில்லை."

விளங்கிவிட்டதா என்று டொக்டர் கேட்டார். விளங்கிவிட்டது என்று சிங்களத்தில் சொன்னேன். வேலாயுதம் எழுந்து இரு கைகளையும் கூப்பி டொக்டரைக் கும்பிட்டார். டொக்டருக்குக் கண் கலங்கியது. இவ்வளவு பெரிய செய்தியை இந்த மனிதர் எவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொண்டார் என்று பிறகு என்னிடம் வியந்தார்!

ஏன் செய்தேன்?

இரக்கம் என்று அன்று நினைத்தேன். பாராட்டுக்கு உடுத்து வந்தவர்களை நோயோடு திருப்பி அனுப்ப மனம் வரவில்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், இதுவரை தான் கொடுத்த இரத்தம் யார் யாருக்குப் போனதோ என்று அவர் நினைத்து நினைத்துச் சாவார் என்றும் நினைத்தேன். அடுத்த கிழமை தனியாகக் கூப்பிட்டு, பக்குவமாகச் சொல்லிவிடலாம்...

அடுத்த கிழமை நான் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த கிழமையும்.

கிளினிக்குக்கு அவர் வரவில்லையே என்று டொக்டர் கேட்டார். "சொன்னேன், அவர் வரவில்லை" என்றேன். தோட்டத்து ஆட்கள் இப்படித்தான், எவ்வளவு சொன்னாலும் தங்கள் உடம்பைப் பார்க்க மாட்டார்கள் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். நான் தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன்! சில மாதங்களில் அவருக்கு இடமாற்றம் வந்தது. அந்த அறையில் பேசப்பட்டதை அறிந்தவள் நான் ஒருத்திதான் என்றாயிற்று.

நீங்கள் கேட்பீர்கள், பிறகு ஒரு சந்தர்ப்பமும் கிடைக்கவில்லையா என்று. கிடைத்தது.

சில ஆண்டுகள் கழித்து லுணுகலையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் இரத்ததான முகாம் நடத்தினோம். வரிசையில் வேலாயுதம் நின்றார். முன்னைவிட மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் அதே சிரிப்பு.

"மிஸ்ஸி, ஓய்வு போதுமுங்களா? இனிக் குடுக்கலாமுங்களா?"

பெண் பிள்ளை பிறந்திருக்கிறது என்றார். நடக்கிறாள், ஓடுகிறாள் என்றார். மைதானத்தில் மூட்டம் அலை அலையாக வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் டொக்டர் இல்லை, ஜெயக்கொடி இல்லை, கூறைச் சேலை இல்லை. அவரும் நானும் மட்டும். வாயைத் திறந்தேன்.

எடை போதாது, சத்தாகச் சாப்பிடுங்கோ என்றேன்.

இந்த முறை அது இரக்கமல்ல. சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் அல்லவா? அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவரை விட்டேன். அவர் மனம் கோணாமல், நாற்காலிகளைத் தூக்கி அடுக்க உதவி செய்துவிட்டு, நாங்கள் கொடுத்த பால் சேர்க்காத பிளேன்டீயைக் குடித்துவிட்டு, மலைப்பாதையில் ஏறிப் போனார். மூட்டம் அவரைக் காலிலிருந்து மேலாக விழுங்கியது. கடைசியாகத் தலை மட்டும் தெரிந்தது... பிறகு அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. பகலில், விழித்தபடியே, அந்த மைதானத்துக்குப் போவேன். "வேலாயுதம், கொஞ்சம் நில்லுங்கோ" என்பேன். அவர் திரும்புவார். நான் எல்லாவற்றையும் சொல்லுவேன், சரியான சொற்களில். அவர் தலையசைப்பார். கொழும்புக்குப் போவார். குணமாகித் திரும்புவார். தேநீர் ஆறிப்போகும்வரை அந்த உலகத்தில் இருப்பேன். அங்கே நான் நல்லவள்.

ஒரு நாள் காலை, ஜெயக்கொடி நோயாளர் வாட்டிலிருந்து என்னைத் தேடி ஓடி வந்தாள். வேலாயுதம் இரத்தம் இரத்தமாக வாந்தி எடுக்கிறார் என்றாள். வாட்டில் போய்ப் பார்த்தேன். வயிறு பானைபோல் ஊதி, கண் மஞ்சளாகி, கைகால்கள் குச்சியாகிக் கிடந்தார். குடித்துக் கெட்ட ஈரல் என்று வாட்டு டொக்டர் முடிவு செய்திருந்தார். இல்லை, அவர் எப்போதாவது தீபாவளி பொங்கலுக்குத்தான் தொடுவார் என்று ஜெயக்கொடி மன்றாடினாள். யாரும் நம்பவில்லை.

நான் அந்த டொக்டரைத் தனியே கண்டு பழைய சோதனை முடிவைச் சொன்னேன். நோயாளிக்கு இது தெரியுமா என்று கேட்டார்.

"சொல்லப்பட்டது" என்றேன்.

யார் சொன்னார், யாரிடம் சொன்னார் என்று இல்லாத ஒரு சொல். அதற்குள் ஒளிந்துகொண்டேன். அவர் பெருமூச்சு விட்டார். இனி எதற்கும் காலம் கடந்துவிட்டது என்றார்.

வேலாயுதத்துக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. எங்களிடம் அந்த வகை குறைவாக இருந்தது. தோட்டத்திலிருந்து யாராவது கொடுத்தால் நல்லது என்று ஜெயக்கொடியிடம் சொன்னேன். வேன் நிறைய ஆட்களைக் கூட்டி வந்த மனிதர் அல்லவா! அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரும் வர மாட்டாங்க மிஸ்ஸி. குடுத்துக் குடுத்துத்தான் இவுக உடம்பு இப்படி ஆயிருச்சுன்னு லயத்துல எல்லாரும் சொல்றாங்க. டாக்டரே கூப்பிட்டு, போதும் ஓய்வெடுன்னு சொன்னாருல்ல, அப்பவே ரத்தம் வத்திப் போச்சாம்."

என் வாக்கியம். நான் உண்டாக்கிய வாக்கியம்! அது என்னை விட்டுப் பிரிந்து, மலையேறி, லயம் லயமாக நடந்து, அங்கே குடியிருந்திருக்கிறது.

கிடைத்த ஒரு பையை நானே வாட்டுக்கு எடுத்துப் போனேன். எல்லாச் சோதனையும் முடிந்த சுத்தமான இரத்தம். துளி துளியாக இறங்கத் தொடங்கியது. வேலாயுதம் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றார்.

அந்தக் கிழமை முடியுமுன் இறந்துபோனார்.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின், ஒரு நாள் ஜெயக்கொடி என்னைத் தேடி வந்தாள். கடைசிவரை கூட நின்றதற்கு நன்றி சொல்ல வந்திருந்தாள். நன்றி! மருத்துவமனை மதிலோரம் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எதிரே பஸ்கள் பனியில் நனைந்து வந்து நின்றன, போயின. அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. வெகுநேரம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அன்றே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அந்தக் காலத்தில் வைத்தியம் கடினம், கொழும்புக்குப் போக வேண்டும், சிலருக்குத்தான் பலிக்கும். ஆனால் பிழைத்திருக்கவும் கூடும். அதையும் சொன்னேன்.

பிறகு அவள் கேட்டது, நான் ஒருபோதும் எதிர்பாராதது.

"அப்ப நானும் புள்ளையும்?"

மனைவியும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அந்த டொக்டர் சொல்லியிருந்தார். அந்த வாக்கியத்தையும் நான் விழுங்கியிருந்தேன். அவள் அன்று கர்ப்பிணி. அத்தனை ஆண்டுகளாக, மைதானத்துக்கும் கனவுக்கும் போய்ப் போய் வந்தவள், ஒருமுறைகூட இந்த இருவரை நினைக்கவில்லை. என் குற்றத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்... குற்ற உணர்வுகூட எவ்வளவு சுயநலமானது!

அன்றே இருவருக்கும் இரத்தம் எடுத்தோம். சிறுமி கையை நீட்டிவிட்டு, தகப்பனின் அதே கண்களால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு வரும்வரை நான் சோறு உண்டதாக ஞாபகமில்லை.

இருவருக்கும் ஒன்றுமில்லை. இந்த முறை உண்மையாகவே ஒன்றுமில்லை. ஆனால் நான் அதைச் சொன்னபோது ஜெயக்கொடி நம்பவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு தாதியைக் கூப்பிட்டு, அவள் வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அது நியாயம்.

போகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க ஒருக்கா எங்க தோட்டத்துக்கு வரணும் மிஸ்ஸி. ஞாயித்துக்கெழம கோயில்ல எல்லாரும் கூடுவாங்க. அவுக ரத்தம் குடுத்துச் சாகலன்னு எல்லார் முன்னாலயும் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. போன மாசம் பிரசவத்துல ஒரு புள்ளைக்கு ரத்தம் கேட்டப்போ, ஒரு ஆளும் எந்திரிக்கல. அவுக இருந்திருந்தா அப்படி விட்டுருப்பாரா?"

வருகிறேன் என்றேன். அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் புறப்பட்டேன். அது பொய்யல்ல. பஸ்ஸில் இருந்தபடியே சொற்களைச் சேர்த்து வைத்தேன். தோட்டத்துப் பாதை பிரியும் இடத்தில் இறங்கினேன். மேலே லயங்கள் பாதி மூட்டத்திலும் பாதி வெயிலிலுமாக, நிலத்தைத் தொடாமல் மிதப்பவைபோல் இருந்தன. கோயில் மணி கேட்டது. ஒலிபெருக்கியில் பாட்டு நின்றது. ஆட்கள் வெள்ளையும் வண்ணமுமாக ஒரு பக்கமாக நகர்வது தெரிந்தது. எல்லாம் நான் பகலில் காணும் கனவைப்போலவே இருந்தது. ஒரு வித்தியாசம்: இங்கே கால் எழவில்லை.

வளைவில் ஜெயக்கொடி வந்து நின்றாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்கு மேலே கை வைத்து, கீழே பஸ் வரும் பாதையைப் பார்த்தாள்.

நான் பஸ் தரிப்பிடத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் அவள் அங்கே நின்றாள், எவ்வளவு நேரம் நான் இங்கே நின்றேன், தெரியவில்லை. மூட்டம் எங்கள் இருவருக்கும் இடையில் வந்தது, விலகியது, வந்தது. பதுளைக்குத் திரும்பும் பஸ் வந்தபோது ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சில மாதங்களில் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு அந்த மலையை விட்டே போய்விட்டேன். ஜெயக்கொடி என்னைத் தேடி வரவில்லை.

இப்போது பாருங்கள், எவ்வளவு சரளமாகச் சொல்கிறேன்! ஒரு சொல் தடுக்கவில்லை. ஒரு வாக்கியம் விடுபடவில்லை. ஏனென்றால் நீங்கள் அந்தத் தோட்டத்தில் இல்லை. உங்களிடம் சொல்வதால் எனக்கு எதுவும் ஆகப்போவதில்லை.

அங்கே, அந்த லயங்களில், வேலாயுதம் இன்னமும் இரத்தம் கொடுத்துச் செத்துப்போன மனிதர்தான்.